கடைசியில் திறக்கும் பெட்டிகள்

ஸ்தூபினா
வெள்ளி, அக்டோபர் 11

லாஸர்,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது தொலைக்காட்சியைப் போட்டதுதான். அடுப்பைக்கூட அப்புறம்தான் மூட்டினேன். ஏழு மணிச் செய்தியில் புதுத் தேர்தல் கருத்துக்கணிப்பு வரும் என்று நேற்று இரவே அப்பா சொல்லி வைத்திருந்தார். வாயைத் திறந்தால் புகை வருகிற குளிரில், போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் ஹர்பூஸுக்கு முப்பத்தெட்டு சதவீதம். உங்கள் டாக்டர் ஷெலாருவுக்கு முப்பத்துமூன்று.

"அஞ்சு! சத்தத்தக் கூட்டு பினா. அடுப்பு எங்கயும் ஓடிடாது."

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டுச் சுவர்கள் உனக்குத் தெரியும். போன தடவை நான் உன் பெயரைச் சொன்னதுமே அந்தப் பக்கத்திலிருந்து டம்ளர் பறந்தது. அதனால் பார்சல் வண்டி ஓனூவிடம் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளி மதியம் இங்கே கிளம்பி ஞாயிறு காலை பார்மாவில் உன் கையில் கொடுத்துவிடுவான். பதில் எழுதினால் மாலை அவன் திரும்பும்போது கொடு. செவ்வாய்க்கிழமை எனக்கு வந்துவிடும்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். கல்லீரலில் இருந்தது இப்போது எங்கும் பரவிவிட்டது. கிறிஸ்துமஸைப் பார்ப்பது கடினம் என்று தலைநகர் மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும்.

செவ்வாயன்று கணிப்பு எடுக்கும் பெண் ஒருத்தி வந்தாள். இருபது வயது இருக்கும், ஈரச் சப்பாத்து, கையில் பலகைக் கணினி.

"வீட்ல ஓட்டு உள்ளவங்க எத்தன பேர்?"

"ரெண்டு பேர்."

"ரெண்டு பேர்ல அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருது? அவங்ககிட்டதான் கேக்கணும்னு விதி."

எனக்கு மார்ச். நான் வாயைத் திறக்கும் முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது. "எனக்குத்தான், ஜனவரில. ஆனா இந்தத் தடவ அது வராது. அதையும் எழுதிக்க பொண்ணே."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பா அவளைக் கட்டிலருகே உட்காரவைத்து, வைன் ஊற்றச் சொல்லி, ஒவ்வொரு கேள்விக்கும் நீளநீளமாகப் பதில் சொன்னார். இத்தனை வருடமாக ஓட்டுப் போடுகிறவரை ஒருவரும் வந்து கேட்டதில்லையாம். கடைசியில் அவர் அவளைக் கேட்டார்.

"இத்தாலில இருக்கறவங்ககிட்டயும் கேப்பீங்களா?"

"இல்ல தாத்தா. நாட்டுக்குள்ள இருக்கறவங்ககிட்ட மட்டும்தான்."

"அதான் பாரு. உங்க கணிப்புல நாங்க ஜெயிப்போம். விடியறப்ப அவங்க ஜெயிப்பாங்க."

நான்கு வருடத்துக்கு முந்தைய அந்த இரவை அவர் இன்னும் விடவில்லை. தெருவுக்கே வைன் ஊற்றிவிட்டு, ஜெயித்தவராகத் தூங்கப் போனார். வெளிநாட்டுப் பெட்டிகளைக் கடைசியில் திறந்தார்கள். காலையில் தோற்றவராக எழுந்தார். அங்கே வேனில் பெண்களை ஓட்டுச்சாவடிக்கு ஏற்றிக்கொண்டு நீ நிற்கிற படத்தை யாரோ மதியம் கொண்டுவந்து காட்டினார்கள். பிறகு அவர் உனக்குப் போன் செய்து என்ன சொன்னார் என்பது நம் மூவருக்கும் தெரியும்.

வா, லாஸர். தேர்தலுக்காகக் கூப்பிடவில்லை. அவரைப் பார்க்க வா.

பாலாடைக்கட்டியை உடனே குளிரில் வை.

உன் அக்கா
ஆக்ரிபினா

*

பார்மா
ஞாயிறு, அக்டோபர் 13

அக்கா,

கடிதத்தை வண்டி நிறுத்தத்திலேயே நின்று படித்தேன். ஓனூ பக்கத்தில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவனிடம் முகத்தைக் காட்டாமல் இருக்க ஏதோ பாட்டிலை எண்ணுவதுபோல நடித்தேன்.

அவர் என்ன சொன்னார் என்று நீ எழுதாமல் விட்டுவிட்டாய். நான் எழுதுகிறேன். "எவன் வீட்டுக் கக்கூஸையோ கழுவுற நீ, எனக்கு யாரு தலைவர்னு முடிவு பண்றியா?" இதுதான். அன்று நான் உண்மையிலேயே கழுவிக்கொண்டுதான் இருந்தேன், அக்கா. அவர் தலைக்கு மேல் இருக்கிற புதுக் கூரை அந்தக் கக்கூஸிலிருந்துதான் வந்தது.

இந்தத் தடவையும் வேன் ஓட்டுகிறேன். ஓட்டுச்சாவடி பொலோன்யாவில். கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் நம் பெண்களுக்கு ஞாயிறு பாதி நாள்தான் விடுப்பு. ரயிலில் போய் வரிசையில் நின்று திரும்ப நேரம் போதாது. ஓர்ஹேய் ஊர்க்காரி வர்வாரா என்று ஒருத்தி இருக்கிறாள். பதினோரு வருடமாக ஒரு கிழவியின் அறையிலேயே படுத்துத் தூங்குகிறாள். அவள் சொல்கிறாள்: "எம் பேர்ல இந்த உலகத்துல ஒரு நாற்காலி கெடையாது தம்பி. ஒரு சீட்டு இருக்கு. அதப் போட்டுட்டு வந்துடறேன்." இவளை எப்படி விட்டுவிட்டு வருவேன்?

அவர் கூப்பிட்டால் வருகிறேன். அவர் வாயால் "வா" என்று ஒரு சொல். நீ கூப்பிடுவது கணக்கில்லை. நீ எப்போதும் கூப்பிடுவாய்.

வலிக்கு ஒட்டும் பட்டை அனுப்பியிருக்கிறேன். இங்கே மருத்துவர் எழுதிக்கொடுத்தது. யார் அனுப்பியது என்று சொல்லாதே.

லாஸர்

*

ஸ்தூபினா
வெள்ளி, அக்டோபர் 25

லாஸர்,

போன வாரம் வெறும் பார்சல் மட்டும் அனுப்பினேன். கோபம்தான். "நீ கூப்பிடுவது கணக்கில்லை" என்ற வரியை மடித்து வைத்துவிட்டு, மறுபடி பிரித்து, மறுபடி படித்தேன். நாற்பத்தேழு வயதில் என்னைக் கணக்கில் சேர்க்காத இரண்டு ஆண்களுக்கு நடுவே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கணிப்புப் பெண்கூட என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஹர்பூஸ் ஓய்வூதியத்தைக் கூட்டுகிறேன் என்கிறான். ஷெலாரு வேலை கொண்டுவருகிறேன் என்கிறான். இந்தத் தெருவில் புகை வருகிற வீடுகளை எண்ண ஒரு கை போதும். வாங்குவதற்கும் செய்வதற்கும் யார் இருக்கிறார்கள்?

அவர் வாயால் ஒரு சொல் கேட்டாயே. நடந்ததை எழுதுகிறேன், நீயே முடிவு செய்துகொள். செவ்வாயன்று ஓனூ பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்தான். அப்பா அவனை நிறுத்தினார்.

"அவன் எளச்சிருக்கானா?"

"யாரு மாமா?"

"யாருன்னா? உங்கிட்ட பெட்டி கொடுக்கறவன்."

"எங்க எளைக்கறது? தொப்பை போட்டிருக்கான் மாமா."

"ம். அடுத்தவன் நாட்டுச் சோறு." அவ்வளவுதான். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதை "வா" என்று எடுத்துக்கொள்ள முடியுமா பார். இதற்கு மேல் அவருக்கு வராது.

பக்கத்து வீட்டுத் தேக்லா அக்கா தினமும் பால் கொண்டுவருகிறாள். மகள்கள் இருவரும் வெரோனாவில் இருப்பதால் அவள் டாக்டர் கட்சி. வாசலில் நின்றபடியே சண்டை தொடங்கும்.

"நிக்கிஃபோர் அண்ணே, எங்க சானல்ல ரெண்டுதான் வித்தியாசமாம்."

"அது உங்க சானல். பாலோட தண்ணி கலக்கற மாதிரி நம்பரையும் கலக்குவீங்க."

"சாகப் போற நேரத்துல எவன் வந்தா உங்களுக்கு என்ன அண்ணே?"

"போறதாலதான் கேக்கறேன். வீட்ட எவன் கையில விட்டுட்டுப் போறேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

தேக்லா பால் பாத்திரத்தை என் கையில் கொடுக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

எழுந்து போக முடியாதவர்களின் வீட்டுக்கு ஓட்டுப் பெட்டியைக் கொண்டுவருவார்களே, அதற்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து அவரே போட்டார். கோணல்தான். ஆனால் அவருடையது.

பட்டை வேலை செய்கிறது. எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவேயில்லை.

ஆக்ரிபினா

*

பொலோன்யா, வரிசையில்
ஞாயிறு, அக்டோபர் 27

அக்கா,

சுவரில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடும். வேனில் ஆட்களைக் கொண்டுவருவது இது மூன்றாவது தடவை. இன்னொன்று பாக்கி. வரிசை தெருமுனையைத் தாண்டி, மருந்துக்கடையையும் தாண்டிப் போகிறது. மழை வேறு. பெண்கள் வாத்துக்கூட்டம் மாதிரி பிளாஸ்டிக் கோட்டுக்குள் நிற்கிறார்கள். யாரோ முட்டைக்கோஸ் பணியாரம் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். வர்வாரா போட்டுவிட்டு வந்து, முத்திரை மை பட்ட விரலை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

தொப்பை பற்றி ஓனூ சொன்னது பொய். இந்த மேல்கோட்டு பெரியது, அவ்வளவுதான். அப்பாவிடம் சொல்.

அவர் கேட்டதை நான் நாலு தடவை படித்தேன். ஆனால் அது "வா" இல்லை, அக்கா. நீ படித்தவள். இல்லாததை வரிக்கு நடுவில் படித்துவிடுவாய்.

லாஸர்

*

ஸ்தூபினா
வெள்ளி, நவம்பர் 1

லாஸர்,

ஞாயிறு பதினோரு மணிக்குப் பெட்டியோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர், மற்றவர் அஞ்சலகத்து அம்மா. அப்பா காலையிலேயே சவரம் செய்துகொண்டுவிட்டார், அதாவது நான் செய்துவிட்டேன். வெள்ளைச் சட்டை கேட்டார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

முத்திரையை அழுத்த அவர் கையில் பலமில்லை. துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். என்னைக் காட்டினார்.

"கையப் பிடி. கண்ண மூடிக்க."

"அப்பா, நீங்க யாருக்குப் போடுவீங்கன்னு ஊருக்கே தெரியும்."

"தெரியட்டும். ரகசிய ஓட்டுன்னா ரகசிய ஓட்டுதான். மூடு."

கண்ணை மூடிக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று அந்தக் கை தாளின் மேல் அலைந்தது. பிறகு அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். எங்கே அழுத்தினேன் என்று தெரியாது.

இரவு ஹர்பூஸ் ஒன்பது சதவீதம் முன்னால் இருந்தான். அப்பா புன்னகையோடு தூங்கினார். விடியற்காலை நான் சத்தமில்லாமல் போட்டுப் பார்த்தேன். வெளிநாட்டுப் பெட்டிகள் திறக்கத் திறக்க எட்டு, ஆறு, மூன்று என்று இறங்கி, ஒன்றில் வந்து நின்றது. அணைத்துவிட்டேன். அவர் எழுந்து என் முகத்தைத்தான் பார்த்தார்.

"எவ்ளோ?"

"ஒண்ணு. ஆனா முன்னாடிதான் இருக்கோம்ப்பா. யாருக்கும் பாதி கெடைக்கல. பத்தாம் தேதி ரெண்டு பேருக்கும் மறுபடி ஓட்டு."

"அவன் எத்தன தடவ வேன் ஓட்டினான்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"பொய் சொல்லாத. தேக்லா மகள் போன்ல சொல்லியிருக்கா. நாலு தடவ. மழையில." அந்தக் குரலில் என்ன இருந்தது என்று நான் உனக்கு எழுதப் போவதில்லை. வரிக்கு நடுவில் படிக்கிறேன் என்பாய்.

புதன்கிழமையிலிருந்து சூப்பு இரண்டு கரண்டிதான் இறங்குகிறது. கணுக்கால் வீங்கிவிட்டது. சுகாதார நிலையத்து அம்மா பத்து நாள் என்றாள், பிறகு அதற்கும் தோளைக் குலுக்கினாள். நேற்று அவர் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

பத்தாம் தேதிக்கு முன்னால் வா. ஒரு ஞாயிறு வேறு யாராவது வேன் ஓட்டட்டும். நான் இதுவரை உன்னிடம் எதையும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன்.

பினா

*

பார்மா
ஞாயிறு, நவம்பர் 3

அக்கா,

மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

வேறு ஆள் இல்லை. வேனை முதலாளி என்னை நம்பித்தான் தருகிறார். இங்கே எல்லாருடைய போனிலும் கணிப்புகள்தான். ஒன்றில் இவன் அரை சதவீதம் முன்னால், இன்னொன்றில் அவன். போன வாரம் வந்தவர்கள் எல்லோரும் பெயர் கொடுத்துவிட்டார்கள், இடம் கிடைக்காமல் நின்றவர்களும் சேர்ந்துவிட்டார்கள். காலை ஐந்து மணிக்கே தொடங்கப் போகிறேன்.

இது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? எனக்கு ஏழு வயது. பனி முழங்கால் வரை. டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி, வைக்கோல் பரப்பி, மேட்டுத் தெருக் கிழவிகளையெல்லாம் தூக்கி உட்காரவைத்து ஓட்டுச்சாவடிக்குக் கொண்டுபோனவர் யார்? அவர் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவன் நான்தான். "ஒரு ஆளக்கூட விட்டுட்டுப் போகக் கூடாதுடா" என்றார். நான் விடவில்லை. அதற்குத்தான் என்னை நான்கு வருடமாகத் தள்ளி வைத்திருக்கிறார்.

பெட்டி மூடியதும் கொஞ்சம் தூங்கிவிட்டு, திங்கள் விடிவதற்குள் கிளம்புகிறேன். அதே வேன், நிற்காமல் ஓட்டினால் செவ்வாய் காலை அங்கே இருப்பேன். அவர் கூப்பிடாவிட்டாலும் வருகிறேன். வாசலில் நிற்க வைத்தாலும் நிற்கிறேன். செவ்வாய் வரை அவர் தாங்கமாட்டாரா? நம் அப்பாதானே, முடிவு தெரியாமல் போகமாட்டார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பாவா, வேனா, இரண்டில் எது என்று என்னை மறுபடி கேட்காதே. கேட்டால் சொல்லிவிடுவேன். அதன்பிறகு நீ என் முகத்தில் விழிக்கமாட்டாய்.

லாஸர்

*

ஸ்தூபினா
வெள்ளி, நவம்பர் 8

லாஸர்,

அப்பா இன்று விடியற்காலையில் போய்விட்டார்.

சிரமப்படவில்லை. மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. மெழுகுவர்த்தியை ஏற்றி அவர் கைக்குள் வைத்து, என் கையால் மூடிப் பிடித்துக்கொண்டேன். போகிற உயிருக்கு வெளிச்சம் இருக்க வேண்டுமே, அதில் குறை வைக்கவில்லை. அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தேன். மெழுகு என் விரலில் சொட்டி ஆறிய பிறகுதான், இனி அது வராது என்று புரிந்தது.

யாரையும் கூப்பிடவில்லை. சொந்தக்காரர்கள் பிணத்தைக் குளிப்பாட்டக் கூடாது, பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் செய்ய வேண்டும் என்பார்கள். நானே செய்தேன். முதல் சுற்றில் ஓட்டுப் போட்ட அதே வெள்ளைச் சட்டை. பிறகு போர்வையோடு இழுத்து, விருந்தாளிகளுக்கான பெரிய அறைக்குக் கொண்டுபோனேன். இறந்தவர்களைக் கிடத்துகிற அறையும் அதுதானே. அங்கே நாம் அடுப்பு மூட்டுவதில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டேன். வெளியே உறைபனி. எழுபத்தொன்பது வயது மனிதர், கனமே இல்லை.

போன கடிதத்தில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அன்று சூப்புக் கரண்டியைத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"நான் போனா உடனே அவனுக்குச் சொல்லிடு. தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னாடின்னா ரொம்ப நல்லது. ஓடி வருவான். வேன் நிக்கும். டாக்டருக்கு அத்தன ஓட்டு போச்சு."

"அப்பா!"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வருவான்ல?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "வருவான்ல பினா?"

இரண்டாவது தடவை கேட்டது எதற்காக என்று எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதையேதான் யோசித்தேன். தன் சாவை வைத்துக்கூட ஓட்டைக் குறைக்கப் பார்த்தாரா? மகனைக் கூப்பிட அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதானா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அவருக்குள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. உனக்குள்ளும் அப்படித்தான்.

அவர் கேட்ட நாளிலேயே போயிருக்கிறார். போன் என் முன்னால் இருக்கிறது. உன் எண்ணை அழுத்தினால் ஒரு நிமிட வேலை. மூன்றாம் நாள் அடக்கம், அதாவது ஞாயிறு. கேட்ட உடனே கிளம்பினால் நீ வந்துவிடலாம்.

நீ வரமாட்டாய், லாஸர். அதை எழுதியும் விட்டாய். பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஒரு ஆளைக்கூட விட்டுவிட்டுப் போகக் கூடாது. போனில் எப்போது என்று கேட்பாய். பிறகு, "அக்கா, அவர் போயிட்டாரு. இவங்க இருக்காங்க" என்பாய். அது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் அதைக் காதால் கேட்டுவிட்டு, செவ்வாயன்று உனக்கு வாசற்கதவைத் திறக்க என்னால் முடியாது. ஒருவேளை நீ வேனை நிறுத்திவிட்டு ஓடி வந்தால், ஷெலாரு கொஞ்சத்தில் தோற்றால், உன் வாழ்நாள் முழுக்க அந்தப் பெட்டியை அப்பாதான் மூடினார் என்று சொல்லிக்கொண்டிருப்பாய். இரண்டு வழியிலும் எனக்கு ஒரு தம்பி மிஞ்சமாட்டான்.

ஊருக்குச் சொன்னால் சர்ச் மணி அடிப்பார்கள். மணி அடித்தால் தேக்லா மகள்களுக்குப் போன் செய்வாள். அடுத்த அரைமணியில் உனக்குத் தெரிந்துவிடும். அதனால் யாருக்கும் சொல்லவில்லை. சற்று முன் அவள் பாலோடு வந்தாள்.

"என்னடி, இன்னைக்கு டிவி சத்தமே காணோம்?"

"தூங்கறாருக்கா. ராத்திரி பூரா முழிச்சிட்டு இப்பத்தான் கண்ணசந்தாரு."

"நல்லா தூங்கட்டும். உங்காளு அரை பாயிண்ட் எறங்கிட்டாருன்னு எழுந்ததும் சொல்லு. கோபத்துலயாவது ரெண்டு வாய் சாப்பிடுவாரு."

சிரித்தேன், லாஸர். என்னால் முடிந்தது.

இனி என்ன செய்யவேண்டும் என்று வரிசையாக யோசித்துவிட்டேன். நாளை பெரிய அறைப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு அந்த இரண்டு பேர் பெட்டியோடு வருவார்கள். வாசலிலேயே நிறுத்தி, அப்பாவுக்கு இந்தத் தடவை விருப்பமில்லை என்று சொல்வேன். அந்த ஒரு பொய்யை அவர் மன்னிக்கமாட்டார். மற்றதை எல்லாம் மன்னித்துவிடுவார். இறப்புச் சான்றிதழ் எழுத வரும் சுகாதார நிலையத்து அம்மாவுக்கு, பார்த்ததும் புரிந்துவிடும். அவள் மகனும் அங்கேதான், துரினில். கேட்டால் அவளிடம் உண்மையைச் சொல்வேன், கேட்காவிட்டால் இல்லை.

இரண்டு இரவு மணியில்லாமல், பாதிரியார் இல்லாமல் அவரைக் குளிரில் வைத்திருக்கப் போகிறேன். அது பாவம் என்றுதான் நினைக்கிறேன். நான் ஹர்பூஸுக்காகவும் இதைச் செய்யவில்லை, ஷெலாருவுக்காகவும் இல்லை. யார் ஜெயித்தாலும் செவ்வாயன்று நீ வரவேண்டும், அவர் இன்னும் மண்ணுக்கு மேலே இருக்கவேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

மதியம் ஓனூ வருவான். அவனிடம் வால்நட்டும் இன்னொரு தாளும் கொடுப்பேன். அதில் ஒரே வரி: "அப்பா அப்படியே இருக்கிறார், திங்கள் கிளம்பிவிடு." இந்தக் கடிதம் அவன் பைக்குள் போகாது. மடித்து அடுப்பில் போட்டுவிட்டு, வழக்கம்போலத் தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்கப் போகிறேன்.

நம் அப்பா ஞாயிற்றுக்கிழமை இறப்பார், லாஸர். உங்கள் பக்கத்துப் பெட்டிகள் மூடிய பிறகு.